520.5: ராமன் நிறமாலை நானோ பொருள்களைப் பற்றி என்ன சொல்லும்?

வழவழப்பான சிலிக்கான் வேஃபர் (படிகச் சிலிக்கானின் மெல்லிய தகடு) துண்டு ஒன்றின் மேல் 532 நானோமீட்டர் பச்சை லேசரை விழவைத்தால், திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி அதே 532தான். கூடவே, மிக மங்கலாக, 547.15 நானோமீட்டரிலும் கொஞ்சம் ஒளி வருகிறது. லேசரில் இல்லாத நிறம் அது. சிலிக்கான் மாற்றி அனுப்பியது.

இரண்டையும் அலையெண்ணாக மாற்றிப் பார்க்கலாம். ஒரு கோடியை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்று கிடைக்கும். 532-க்கு 18,797. 547.15-க்கு 18,276.5. கழித்தால் 520.5 செ.மீ⁻¹. இப்போது பச்சை லேசரை எடுத்துவிட்டு 785 நானோமீட்டர் லேசரை வையுங்கள். மங்கலான ஒளி இம்முறை 818.4 நானோமீட்டரில் வரும். கழித்துப் பார்த்தால் அதே 520.5. லேசர் எதுவானாலும் வித்தியாசம் மாறவில்லை என்றால், அந்த வித்தியாசம் சிலிக்கானுக்குச் சொந்தமானது. அதன் அணுக்கள் ஒன்றையொன்று எதிர்த்து அதிரும் வேகம் அது. இதற்குத்தான் ராமன் பெயர்ச்சி என்று பெயர். ஒளி இப்படி நிறம் மாறிச் சிதறுவது ராமன் சிதறல். எந்தப் பெயர்ச்சியில் எவ்வளவு ஒளி வருகிறது என்று காட்டும் வரைபடம் ராமன் நிறமாலை. வரைபடத்தில் அந்த இடத்தில் எழும் கூர்மையான மேட்டை ஆய்வகங்களில் பீக் என்பார்கள். இங்கே முகடு என்று வைத்துக்கொள்வோம்.

எப்படி நடக்கிறது? ஒளி விழும்போது பொருளின் எலக்ட்ரான் மேகம் ஒளியின் தாளத்துக்கு ஆடுகிறது. அணுக்களோ தம் போக்கில் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த அதிர்வு எலக்ட்ரான் மேகத்தின் நெகிழ்வை மாற்றுமானால், சில ஃபோட்டான்கள் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு இளைத்து வெளியேறும். இது ஸ்டோக்ஸ் பக்கம். வேறு சில அதிர்விலிருந்து ஆற்றலை வாங்கிக்கொண்டு வரும். இது எதிர் ஸ்டோக்ஸ் பக்கம். சிதறும் ஃபோட்டான்களில் இப்படி மாறுவது பத்து லட்சத்தில் ஒன்று முதல் பத்துக் கோடியில் ஒன்று வரைதான். ராமன் கருவியின் விலையும் நுணுக்கமும் இந்த ஒன்றைப் பிடிப்பதில்தான் போகின்றன.

எல்லாப் பொருளும் முகடு தராது. தங்கம், வெள்ளி, செம்பு போன்ற எளிய உலோகங்களின் படிகத்தில் இந்த வகை அதிர்வே கிடையாது. சமையல் உப்பில் அதிர்வு உண்டு, ஆனால் அதன் சமச்சீர் அமைப்பு முதல் நிலை ராமன் சிதறலைத் தடுத்துவிடும். தண்ணீரின் சிதறல் பலவீனமானது. ஈரமான மாதிரியையும் கரைசலையும் அப்படியே அளக்க முடிவது அதனால்தான்.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் கொல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் 1928-இல் இதைக் கண்டபோது லேசர் இல்லை. முதலில் சூரிய ஒளியையும், பிறகு பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் நீலக் கோட்டையும் ஒளிமூலமாகக் கொண்டார்கள். அதே பாதரசம் இன்று நமக்குத் தொல்லை தருகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கருவியின் பாதை சுருக்கமானது. லேசர் ஒரு நுண்ணோக்கியின் லென்ஸ் வழியே மாதிரி மேல் குவிகிறது. சிதறிய ஒளி அதே லென்ஸ் வழியே திரும்புகிறது. லேசரின் சொந்த நிறத்தை ஒரு ஃபில்டர் வெட்டி எறிகிறது. மிச்சம் ஒரு சிறு பிளவின் வழியே போய், மில்லிமீட்டருக்கு 600 அல்லது 1800 கோடுகள் கீறிய கிரேட்டிங்கில் பட்டு நிறம் பிரிந்து, குளிரூட்டிய சிசிடி கேமராவில் விழுகிறது. ஒரு செ.மீ⁻¹ நகர்வைப் பார்க்க வேண்டுமென்றால் 1800 கோட்டைப் போடுங்கள். என்ன பொருள் என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் 600 போதும். ஒளியும் கூடுதலாகக் கிடைக்கும்.

புள்ளி பெரிது, துகள் சிறிது

100 மடங்கு பெருக்கும், என்.ஏ. (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியைச் சேர்க்கும் என்ற அளவு) 0.9 கொண்ட லென்ஸில் 532 லேசர் குவியும் புள்ளியின் விட்டம் சுமார் 0.7 மைக்ரோமீட்டர். அதாவது 700 நானோமீட்டர். 10 நானோமீட்டர் துகள்களை ஒரே அடுக்காகப் பரப்பினாலும் அந்தப் புள்ளிக்குள் நாலாயிரத்துக்கு நெருக்கமாக அடங்கும். ஒரு துகளைக்கூடத் தனியாகப் பார்க்க முடியாத கருவியால் எப்படி நானோ உலகைப் பேச முடியும்?

துகளை நாம் பார்ப்பதில்லை. துகளின் சிறுமை அதன் அதிர்வை என்ன செய்திருக்கிறது என்பதைப் பார்க்கிறோம். பெரிய படிகத்தில் கோடானுகோடி அணுக்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து ஆடும் அதிர்வு மட்டுமே ஒளிக்குத் தென்படும். சில நானோமீட்டர் துகளில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. கொஞ்சம் தாளம் பிசகிய பக்கத்து அதிர்வுகளும் உள்ளே நுழைகின்றன. சிலிக்கானில் இந்தப் பக்கத்து அதிர்வுகள் 520.5-ஐவிட மெதுவானவை. எனவே முகடு இடப்பக்கம் இறங்கி, அகன்று, இடது பக்கம் மட்டும் வால் முளைத்துச் சாய்ந்து நிற்கும். ஒழுங்கே கலைந்து உருவமற்ற சிலிக்கானாகிவிட்டால் கூர்முகடு போய் 480 வாக்கில் ஓர் அகன்ற மேடு மட்டும் மிஞ்சும்.

நானோ என்றால் முகடு இடப்பக்கம்தான் போகும் என்று எண்ணிவிட வேண்டாம். டைட்டானியம் டை ஆக்சைடின் அனட்டேஸ் வடிவம் 144-இல் மிக வலுவான முகடு தரும். துகள் சிறுத்தால் இது வலப்பக்கம் ஏறும். அங்கே பக்கத்து அதிர்வுகள் வேகமானவை, அவ்வளவுதான்.

கார்பன் நானோகுழாயில் கணக்கு இன்னும் நேரடியானது. குழாய் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும் அதிர்வு ஒன்று உண்டு. பெரும்பாலும் 100 முதல் 350 செ.மீ⁻¹ வரை வரும். சிலிக்கான் ஆக்சைடு மேல் கிடக்கும் தனித்த ஒற்றைச்சுவர்க் குழாய்க்கு, 248-ஐ அந்த எண்ணால் வகுத்தால் விட்டம் நானோமீட்டரில் வரும். 165-இல் முகடு என்றால் 1.5 நானோமீட்டர். அடுக்கடுக்காக அமைந்த மாலிப்டினம் டைசல்ஃபைடில் எத்தனை அடுக்கு என்றறிய, இரு முகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். ஒற்றை அடுக்கில் 384, 403 என இடைவெளி 19-ஐ ஒட்டி இருக்கும். பருமனான படிகத்தில் 25-ஐ எட்டும். இடைவெளியை அளப்பதில் ஒரு வசதி உண்டு: கருவியின் அளவுகோல் ஒன்றிரண்டு எண் நகர்ந்திருந்தாலும் கழித்தலில் அது அடிபட்டுப் போகும்.

கிராஃபீன்: மூன்று முகடுகள்

கிராஃபீன் என்பது ஓரணு தடிமனில் பரந்த கார்பன் வலை. அதில் பார்க்க வேண்டியவை மூன்று. 1350 வாக்கில் டி, 1580 வாக்கில் ஜி, பச்சை லேசரில் 2700-க்குச் சற்றுக் கீழே 2டி. ஜி என்பது கார்பன் வலையின் அடிப்படை அதிர்வு. டி, வலையில் குறை இருந்தால்தான் எழும். விளிம்பு, ஓட்டை, ஒட்டிய வேற்றணு எதுவும் குறைதான். 2டி குறையில்லாமலும் வரும். ஒற்றை அடுக்கில் 2டி ஒரே மேடாக, 24 முதல் 30 செ.மீ⁻¹ அகலத்தில், ஜி-யைவிட இரு மடங்கோ அதற்கும் மேலோ உயர்ந்து நிற்கும். இரண்டு அடுக்கானால் 2டி அகன்று தோள்கள் முளைக்கும்.

உயர விகிதத்தை மட்டும் வைத்து 'ஒற்றை அடுக்கு' என்று எழுதிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அடியில் உள்ள பரப்பிலிருந்து மின்னேற்றம் ஏறினால் ஒற்றை அடுக்கிலேயே 2டி குட்டையாகிவிடும். அகலத்தையும் வடிவத்தையும் சேர்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஜி முகடு 1582-இலிருந்து நகர்ந்திருந்தால் இரு காரணங்கள் இருக்கலாம்: இழுவிசை அல்லது மின்னேற்றம். வீணைத் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறும். கிராஃபீனில் நேர்மாறு. இழுத்தால் அணுப் பிணைப்பு நீண்டு தளர்ந்து, ஜி இறங்கும். மின்னேற்றமோ ஜி-யை ஏற்றும். அமுக்கினாலும் ஏறும் என்பதால் ஜி மட்டும் போதாது. 2டி-யையும் கூடவே பாருங்கள். ஜி ஒரு செ.மீ⁻¹ நகரும்போது 2டி சுமார் 2.2 நகர்ந்தால் காரணம் இழுவிசையோ அமுக்கமோ. 0.7 அளவே நகர்ந்தால் துளை வகை (எலக்ட்ரான் குறைந்த) மின்னேற்றம். ஒரே மாதிரியில் பல புள்ளிகள் எடுத்து, ஜி ஒரு அச்சு, 2டி ஒரு அச்சு என்று வரைந்தால் எந்தச் சாய்வில் புள்ளிகள் கிடக்கின்றன என்று கண்ணுக்கே தெரியும்.

டி-க்கும் ஜி-க்கும் உள்ள விகிதத்திலிருந்து படிகத் திட்டின் அளவைச் சொல்லும் சூத்திரம் பழையது. 4.4 நானோமீட்டரை விகிதத்தால் வகுப்பார்கள். அந்த 4.4 என்பது 514.5 லேசருக்கான எண். 785-இல் அளந்துவிட்டு அதே எண்ணைப் போடுவது இன்றும் நடக்கிறது. டி முகட்டின் பலம் லேசரைப் பொறுத்துப் பெரிதும் மாறும். பிற்பாடு வந்த சூத்திரம் முகட்டின் பரப்பளவு விகிதத்தை எடுத்து, லேசர் அலைநீளத்தின் நான்காம் அடுக்கைச் சேர்க்கிறது. 532-க்கு அந்த எண் 19 வாக்கில், 785-க்கு 91 வாக்கில் வரும். உயரத்துக்கான எண்ணையும் பரப்பளவுக்கான எண்ணையும் குழப்பினால் விடை நாலு மடங்கு தவறும். இன்னொரு பொறி: திட்டு 2, 3 நானோமீட்டருக்கும் கீழே போனால் இந்த உறவே தலைகீழாகும். குறைகள் கூடக்கூட டி மறுபடி குட்டையாகும். ஆகவே விகிதம் 1 என்று வரும் இரண்டு மாதிரிகளில் ஒன்று ஓரளவு ஒழுங்கானதாகவும் மற்றது சிதைந்து போனதாகவும் இருக்கலாம். முகடுகளின் அகலம் காட்டிக்கொடுத்துவிடும்.

லேசர் சூடு போடும் வேஷம்

நானோ பொருளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். ஒரு மில்லிவாட் என்றால் அற்பமாகத் தோன்றும். அதை 0.7 மைக்ரோமீட்டர் புள்ளியில் குவித்தால் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை லட்சம் வாட். பருமனான வேஃபர் இந்தச் சூட்டை நொடியில் சுற்றிலும் கடத்திவிடும். உதிரியாகக் குவித்த நானோ தூளில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே காற்று. சூடு போக வழியில்லை.

சூடான சிலிக்கானின் முகடு டிகிரிக்குச் சுமார் 0.022 செ.மீ⁻¹ இறங்கும், அகலவும் செய்யும். 515.5-இல் ஒரு முகடு கிடைத்தால் அது சில நானோமீட்டர் துகளின் அடையாளமாக இருக்கலாம். அல்லது பெரிய துகள் லேசரில் 230 டிகிரி சூடேறியதாகவும் இருக்கலாம். ஒரே ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு இதைப் பிரிக்க முடியாது.

பிரிக்கும் வழி எளிது. மாதிரி மேல் விழும் திறனை 0.05 மில்லிவாட்டில் தொடங்குங்கள். பிறகு 0.2, 1, 5 என்று ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் முகட்டின் இடத்தைக் குறித்து, திறன் ஓர் அச்சு, இடம் மறு அச்சு என்று வரைந்து, கோட்டைச் சுழியம் வரை நீட்டுங்கள். சுழியத்தில் 520.5-க்கே திரும்பினால் பார்த்தது வெறும் சூடு. சுழியத்திலும் 517-இல் நின்றால் அந்த மூன்றரை உண்மையானது. ஆனால் அதுவும் முழுக்க அளவின் வேலை என்று சொல்லிவிட முடியாது: சிலிக்கானில் ஒரு திசை இழுவிசை சுமார் 500 மெகாபாஸ்கலுக்கு ஒரு செ.மீ⁻¹ இறக்கும். சாய்ந்த வால் இருக்கிறதா என்று பார்த்து அளவையும் இழுவிசையையும் பிரிக்க வேண்டும். கடைசியாக 0.05-க்குத் திரும்பி ஒரு முறை அளக்க மறக்காதீர்கள். முதல் வரைபடத்தோடு அது ஒத்துப்போகவில்லை என்றால், நடுவில் எங்கோ மாதிரி மாறிவிட்டது. அந்த இடத்தில் எடுத்த எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புது இடத்துக்கு நகருங்கள்.

மாறிவிடுவதற்குச் சிறந்த உதாரணம் மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடு. காந்த நானோ துகள் செய்பவர்கள் தினமும் அளப்பது இதைத்தான். மேக்னடைட்டின் முக்கிய முகடு 668-இல். சில மில்லிவாட் பச்சை லேசரை நூறு மடங்கு லென்ஸில் குவித்தால், கொஞ்ச நேரத்தில் 225, 292, 411 என முகடுகள் முளைக்கும். 1320 வாக்கில் ஒரு பெருமேடும் எழும். இவை ஹெமடைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடின் முகடுகள். காற்றில் உள்ள ஆக்சிஜனும் லேசர் சூடும் சேர்ந்து அந்த இடத்தைத் துருவாக்கிவிட்டன. 'மாதிரியில் ஹெமடைட் கலந்திருக்கிறது' என்று அறிக்கை எழுதும் முன் நுண்ணோக்கியில் அந்த இடத்தைப் பாருங்கள். நிறம் மாறிய ஒரு புள்ளி தெரிந்தால் கலந்தவர் நீங்கள்தான். திறனை ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே கொண்டுவந்து, நேரத்தை நீட்டி, 10 அல்லது 20 மடங்கு லென்ஸால் புள்ளியை அகலமாக்கி அளப்பதே வழி. சமிக்ஞை குறையும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாதிரியை எதன் மேல் வைப்பது?

கண்ணாடி ஸ்லைடு கைக்கு எட்டும் என்பதற்காக எடுக்காதீர்கள். 785 லேசரில் சாதாரணக் கண்ணாடியே 1400 வாக்கில் ஒரு பெரிய மேடாக ஒளிரும். மங்கலான மாதிரி அதில் மூழ்கிவிடும். சமையலறை அலுமினியத் தாள் நல்ல தளம்: முகடு தராது, சூட்டையும் கடத்தும். தூளை எத்தனாலில் கலக்கி ஒரு சொட்டு விட்டு உலரவைத்தால் துகள்கள் தளத்தோடு ஒட்டிக்கொள்ளும். உதிரிக் குவியலைவிட சூடு சீக்கிரம் இறங்கும். சிலிக்கான் வேஃபரும் நல்ல தளமே, ஆனால் அதற்கென்று 520.5-இலும் 940 முதல் 980 வரையிலும் சொந்த முகடுகள் உண்டு. அனட்டேஸுக்கு 516-இல் ஒரு முகடு இருப்பதை மறந்து அதைச் சிலிக்கான் மேல் வைத்துவிட்டு, 'அந்த முகடு மட்டும் விசித்திரமாக உயரமாக இருக்கிறதே' என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு.

அளக்கத் தொடங்கும் முன் சுத்தமான சிலிக்கான் துண்டில் 520.5 வருகிறதா என்று சரிபார்ப்பது வழக்கம். ஒரு கோட்டை மட்டும் சரிசெய்தால் அந்தக் கோட்டின் அருகில்தான் அளவுகோல் சரி. 1500, 2700 பக்கம் வேலை என்றால் பாலிஸ்டைரீன் துண்டு ஒன்றை வைத்து 1001.4, 1602.3 ஆகிய முகடுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் தோன்றும் எல்லா முகடும் மாதிரியுடையதல்ல. ஒரே ஒரு பிக்சல் அகலத்தில் ஊசிபோல நின்று, அடுத்த அளவீட்டில் காணாமல் போவது விண்வெளியிலிருந்து சிசிடி மேல் பட்ட காஸ்மிக் கதிர். அதே இடத்தில் இரு முறை அளந்து ஒப்பிட்டால் கழன்றுவிடும். 532 லேசரில் 484 வாக்கில் கூர்மையாக ஒன்று வந்தால் மேலே அண்ணாந்து பாருங்கள்: டியூப்லைட். அதிலுள்ள பாதரசத்தின் 546.07 நானோமீட்டர் பச்சைக் கோடு கழித்தல் கணக்கில் அங்கே விழுகிறது. லேசரை மூடிய பிறகும் அது நிற்கும். சந்தேகம் வந்தால் அதுவே சோதனை.

முகடுகளுக்குப் பதிலாக மலைச்சரிவுபோல ஒரு பின்னணி எழுந்தால் அது ஒளிர்தல், ஃப்ளூரசென்ஸ் என்பார்கள். நானோ துகளின் மேல் ஒட்டிய கரிமப் பூச்சு, கழுவாமல் விட்ட வேதிப்பொருள் மிச்சம் இவைதான் வழக்கமான காரணம். 785 லேசருக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கும். விலை என்னவென்றால், ராமன் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாகக் குறைவதால் சமிக்ஞை சுமார் 4.7 மடங்கு இளைக்கும். லேசரைப் பல நிமிடம் விட்டு ஒளிர்தலைக் களைப்படையச் செய்யும் பழைய உத்தி, சூடேறும் நானோ தூளுக்கு ஒத்துவராது.

கலவைப் பொருள்கள்

லித்தியம் பேட்டரிக்காக நானோ சிலிக்கானையும் கார்பனையும் கலந்து செய்யும் மின்முனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வரைபடத்தில் சிலிக்கானின் 520, கார்பனின் டி, ஜி மூன்றும் வரும். பேட்டரி முதல் முறை சார்ஜ் ஆகும்போது படிகச் சிலிக்கான் லித்தியத்தை விழுங்கி ஒழுங்கை இழக்கும். 520 சரிந்து 480 மேடாகும். எங்கே சரிந்தது, எங்கே சரியவில்லை என்று அறிய, ஒரு பரப்பு முழுவதும் புள்ளி புள்ளியாக அளந்து வரைபடம் போடலாம். ஆனால் நேரக் கணக்கைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். 20 மைக்ரோமீட்டர் சதுரத்தில் 0.5 மைக்ரோமீட்டர் இடைவெளி என்றால் 41-க்கு 41, அதாவது 1,681 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு நொடி என்றால் 28 நிமிடம். பத்து நொடி என்றால் நாலே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் அறையின் வெப்பநிலை மாறி ஃபோகஸ் நழுவும். கீழ்ப்பாதி வரைபடம் மங்கலாக வந்தால் பொருளைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒளிச் செறிவை நம்பாமல் முகடுகளின் விகிதத்தை வரைந்தால் இந்தப் பிழை குறையும்.

மாதிரி மிகக் குறைவாக இருக்கும்போது தங்க, வெள்ளி நானோ துகள்களின் உதவியை நாடலாம். 1974-இல் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனை மேல் ஒட்டிய பிரிடின் என்ற கரிமச் சேர்மம் எதிர்பாராத வலுவோடு சமிக்ஞை தந்தது. பரப்பு கூடியதால் மட்டும் அது வராது என்று 1977-இல் இரு குழுக்கள் காட்டின. துகள்களுக்கு இடையே ஒன்றிரண்டு நானோமீட்டர் இடுக்கில் ஒளியின் மின்புலம் பெருகி, சமிக்ஞை பத்து லட்சம் மடங்கும் உயரலாம். வெள்ளிக் கூழ்மத்தில் (நானோ துகள்கள் மிதக்கும் நீர்மத்தில்) கொஞ்சம் உப்புக் கரைசல் சேர்த்தால் துகள்கள் நெருங்கி இடுக்குகள் உருவாகும். அதிகமாகிவிட்டால் எல்லாம் அடியில் படிந்துவிடும். துகள் மேல் ஏதாவது கருகினால் 1350, 1580 இரண்டிலும் அகன்ற மேடுகள் வரும். இவற்றை மாதிரியின் முகடு என்று எண்ணி ஏமாந்தவர்கள் ஏராளம். வெற்றுக் கூழ்மத்தை மட்டும் தனியே அளந்து பக்கத்தில் வைத்துக்கொள்வது கட்டாயம்.

துகளைக் கூழ்மத்தில் விடுவதற்குப் பதில் ஓர் ஊசியின் நுனியில் தங்கமோ வெள்ளியோ பூசி, அதை மாதிரி மேல் நகர்த்துவது அடுத்த படி. புள்ளி 700 நானோமீட்டரிலிருந்து 10, 20 நானோமீட்டருக்குச் சுருங்கும். ஊசி நுனி தேய்ந்தாலோ அழுக்கு ஒட்டினாலோ சமிக்ஞை போய்விடும். தொடக்கக்காரர்களுக்கான வேலை அல்ல.

குறிப்பேட்டில் எழுத வேண்டியது: லேசர் அலைநீளம், மாதிரி மேல் விழுந்த திறன், லென்ஸின் பெருக்கமும் என்.ஏ.-வும், கிரேட்டிங், நேரம், எத்தனை முறை. திறனை லென்ஸுக்குக் கீழே பவர்மீட்டரை வைத்து அளந்து எழுதுங்கள். லேசர் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் எண் கண்ணாடிகளையும் ஃபில்டர்களையும் கடந்து வருவதற்குள் பாதியாகக் குறைந்திருக்கும். அன்று எடுத்த சிலிக்கான் வரைபடத்தையும் அதே கோப்புறையில் தேதியோடு போட்டு வையுங்கள்.